விருதுப் பட்டியலில் வராத பெயர்கள்

மாதத்தின் சிறந்த ஊழியர், காலாண்டு விருது, ஸ்பாட் அவார்டு, சக ஊழியர் புள்ளித் திட்டம் என்று பல பெயர்களில் நடக்கும், ஊழியர்களைப் பாராட்டும் இந்த வேலையில் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) பக்கத்திலிருந்து நான் ரொம்ப காலமாக இருக்கிறேன். வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு அளவுகள். எல்லா இடத்திலும் வருகிற புகார் மட்டும் ஒன்றேதான்: "வாங்கினவங்களே திரும்பத் திரும்ப வாங்குறாங்க." நிர்வாகம் பெரும்பாலும் இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்காதீர்கள். இந்தப் புகார் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும், அதை ஓர் எக்செல் தாளை வைத்துக்கொண்டு அரை நாளில் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

கடைசியாகப் பொறுப்பெடுத்த இடத்தில் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். முந்தைய வருடங்களில் விருது வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துறை, ஷிப்ட், எந்தக் கட்டடம், முழு நேரமா பகுதி நேரமா, ஆணா பெண்ணா என்று நிரப்பிக்கொண்டே போனேன். நிரப்பும்போதே தெரிந்துவிட்டது. பகல் ஷிப்ட், தலைமை அலுவலகத் தளம், வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசுகிற பிரிவு, பெரும்பாலான பெயர்கள் இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. இரவு ஷிப்டிலிருந்து கிட்டத்தட்ட யாருமே இல்லை. கிடங்கு, பராமரிப்பு, சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாம் எப்போதாவது ஒருவர். ஆனால் கடைசியாகச் சேர்த்த ஒரு விவரம்தான் மற்ற எல்லாவற்றையும் விளக்கியது: பரிந்துரைத்தது யார்? ஒவ்வொரு சுற்றிலும் அதே சில மேனேஜர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட மேனேஜர்கள் ஒரு தடவைகூட யாரையும் பரிந்துரைத்ததில்லை.

தேர்வுக் குழு பாரபட்சம் காட்டியது என்று சொல்லிவிட முடியாது. மேசைக்கு வந்த பெயர்களிலிருந்துதான் அவர்கள் எடுத்தார்கள். மேசைக்கே வராத ஆளை எவ்வளவு நேர்மையான குழுவாலும் தேர்ந்தெடுக்க முடியாதே. விருதை நியாயமாக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும், மதிப்பெண் எப்படிப் போட வேண்டும் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் அநியாயத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே, பரிந்துரை எழுதப்படாத இடங்களில், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அதனால் பரிந்துரைக்காத மேனேஜர்களைத் தேடிப் போய்ப் பேசினேன். இதை மெயிலில் செய்யக் கூடாது, "ஏன் பரிந்துரைக்கவில்லை" என்று எழுத்தில் கேட்டால் விளக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர் ஒருவர், வேலையில் ரொம்பக் கண்டிப்பானவர், தன் ஆட்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன், "சார், உங்க டீம்ல யாருமே நல்லா வேலை செய்யறதில்லையா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தான் செய்யறாங்க மேடம். ஆனா அந்த ஃபார்ம்ல சாதனை என்னன்னு கேட்டிருக்கு. எங்க ஆளுங்க ஒழுங்கா வேலை செஞ்சா ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்கலைன்னு எழுதவா?" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நான் அந்தப் படிவத்தை வேறு கண்ணோடு படித்துப் பார்த்தேன். "இந்தக் காலாண்டின் முக்கியச் சாதனை", "நிறுவனத்துக்கு ஏற்பட்ட வருவாய் அல்லது சேமிப்பு", "எதிர்பார்ப்பைத் தாண்டிச் செய்தது என்ன". ஒவ்வொரு கேள்வியும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்கிறது. விற்பனைப் பிரிவில் நிகழ்ச்சிகள் தினமும் உண்டு, தொகையோடு உண்டு. பராமரிப்பில், பாதுகாப்பில், தரப் பரிசோதனையில், தகவல் பாதுகாப்பில் நல்ல வேலை என்பதே எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான். அந்தச் சூப்பர்வைசரின் டீமில் இரவு ஷிப்டில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு மின்பலகையையும் வெப்பமானியால் பார்த்து நோட்டில் அளவைக் குறிப்பது அவர் வேலை. மற்றவர்கள் "சரி" என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள், இவர் எண்ணை எழுதுவார். அப்படி எழுதி வந்ததால்தான் ஒரு பலகையில் ஒரே ஒரு முனை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி வருவது அவர் கண்ணில் பட்டது. தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கி, கருகத் தொடங்கியிருந்த ஒயரை மாற்றி, நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார். தீப்பிடித்திருந்தால் அணைத்தவருக்கு நிச்சயம் விருது கிடைத்திருக்கும், இவர் பெயர் அந்த நோட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை.

படிவத்தை மாற்றினோம். மூன்றே கேள்விகள். இவர் ஒரு மாதம் வராமல் இருந்தால் யாருக்கு, எந்த வேலை தடுமாறும்? இவரால் நடக்காமல் போன பிரச்சினை ஏதாவது உண்டா, அல்லது நடந்த நல்லது ஏதாவது உண்டா? இதை நேரில் பார்த்த இன்னொருவர் யார்? முதல் கேள்விதான் அதிக வேலை செய்தது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த மேனேஜர்கள் பலர், அதுவரை மனதில் வராத ஆட்களை எழுதினார்கள். மூன்றாவது கேள்வியை வைத்ததற்குக் காரணம் வேறு. மேனேஜரின் செல்லப்பிள்ளையா, உண்மையிலேயே உழைப்பாளியா என்பது அந்த இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படிவத்தில் இன்னொரு பெரிய சிக்கல், அதை எழுதுகிற திறமை. பழைய பரிந்துரைகளைப் படித்துப் பார்த்தால், ஜெயித்தவை எல்லாம் நன்றாக எழுதப்பட்டவை. ஊழியருக்கு விருது கிடைப்பது அவருடைய மேனேஜருக்கு எழுத வருமா என்பதைப் பொறுத்து என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! அலுவலக மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இது இரட்டைச் சுமை. கணினி முன்னால் உட்காராத வேலை செய்கிறவர்கள் இந்தப் படிவத்தைத் திறக்கவே மாட்டார்கள். ஆகவே மூன்று வழிகளைத் திறந்து வைத்தோம்: படிவத்தில் எழுதலாம், எந்த மொழியிலும் குரல் பதிவாக அனுப்பலாம், அல்லது ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எச்.ஆர். ஆள் ஒருவர் வந்து நிற்பார், அவரிடம் வாயால் சொல்லலாம். வந்த எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே நீளத்தில், அலங்காரம் இல்லாமல் திருப்பி எழுதி, பெயரையும் துறையையும் எடுத்துவிட்டுக் குழுவுக்குக் கொடுப்பார். பெயரை மறைத்தால் போதுமா என்றால் போதாது, சின்ன நிறுவனத்தில் வேலையைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆனாலும் "அசாத்தியமான", "ஈடு இணையற்ற" மாதிரியான சொற்கள் கழிந்த பிறகு குழுவின் விவாதம் வேலையைப் பற்றியதாக மாறுகிறது.

சரி, குழுவுக்கு வருவோம். நான் உட்கார்ந்த பல குழுக் கூட்டங்களில் பார்த்த ஒன்று இது. இரண்டு பேர் கடைசிச் சுற்றுக்கு வருவார்கள். ஒருவர் கணக்கில் முன்னால் இருப்பார், இன்னொருவர் மற்றவர்களை வளர்ப்பதில் முன்னால் இருப்பார். குழுவில் செல்வாக்கான ஒருவருக்கு யாரைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து, "இந்தத் தடவை எண்ணிக்கையைத்தான் பார்க்கணும்" என்றோ, "எண்ணிக்கை எல்லாம் இல்ல, தலைமைப் பண்புதான் முக்கியம்" என்றோ பேச்சு திரும்பும். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தில் அதை மனதார நம்புகிறார். எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஆணுக்குப் படிப்பு இருக்கிறது என்றால் படிப்புதான் முக்கியம் என்றார்கள் ஆய்வில் கலந்துகொண்டவர்கள். படிப்பு பெண்ணிடம் இருந்தால் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்றார்கள். ஆளுக்கேற்ப அளவுகோல் நீண்டும் குறுகியும் போனது. ஆனால் விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே எது முக்கியம் என்று தீர்மானிக்க வைத்தபோது அந்தப் பாகுபாடு மறைந்துவிட்டது. இதைப் படித்ததிலிருந்து நான் எங்கே போனாலும் விடாமல் கேட்பது இதுதான்: பரிந்துரைகளைத் திறப்பதற்கு முன் அளவுகோல்களையும் அவற்றின் எடையையும் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அடுத்த சுற்றுக்கு மாற்றுங்கள்.

"எங்கள் நிறுவனத்தில் திறமை ஒன்றுதான் அளவுகோல்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கிற இடங்களில் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். எமிலியோ காஸ்டிலாவும் ஸ்டீபன் பெனார்டும் 2010-ல் வெளியிட்ட சோதனைகளில், திறமைக்கே மதிப்பு என்று அழுத்திச் சொல்லப்பட்ட நிறுவனச் சூழலில்தான் மேனேஜர் இடத்தில் இருந்தவர்கள் சமமாக வேலை செய்த பெண்ணைவிட ஆணுக்கு அதிகப் போனஸ் கொடுத்தார்கள். நாம் நியாயமான இடத்தில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையே நம்மை நாம் சோதித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதே காஸ்டிலா 2015-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நம்பிக்கை தருவது. ஒரு பெரிய நிறுவனத்தில் ஊதிய வெகுமதி முடிவுகளுக்கு யார் பொறுப்பு என்று நிர்ணயித்து, எப்படி முடிவெடுத்தார்கள் என்பதை மேலிடம் பார்க்கும்படி வெளிப்படையாக்கியதும் ஆண், பெண் உள்ளிட்ட பிரிவினருக்கிடையே முன்பிருந்த ஊதிய இடைவெளி குறைந்தது. சுவரில் எழுதிய வாசகத்தைவிட, "இதை ஏன் இப்படி முடிவு செய்தாய் என்று ஒருவர் கேட்பார்" என்ற நினைப்பு அதிகம் வேலை செய்கிறது.

அடுத்து நான் மனதாரக் கோபப்படுகிற ஒரு விஷயம். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, பிரிவு உபசார நிகழ்ச்சிக்கு அலைவது, இரண்டு டீம்களுக்கு நடுவில் மனஸ்தாபம் வந்தால் போய்ப் பேசிச் சமாதானம் செய்வது, இதெல்லாம் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை, செய்தால் யாருடைய அப்ரைசலிலும் ஏறாத வேலை. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்களின் சுபாவமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்கள் தாராளமாக முன்வந்தார்கள். பெண் இருந்தால் அவள் செய்வாள் என்ற எதிர்பார்ப்புதான் காரணம், கேட்கிறவர்களும் பெண்களைத்தான் அதிகம் கேட்டார்கள். இதற்கு நாங்கள் செய்தது இரண்டு. ஒன்று, இந்த வேலைகளைப் பட்டியலிட்டு, சுழற்சி முறையில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னோம், தானாக முன்வருகிறவர் யார் என்று கூட்டத்தில் கேட்பதையே நிறுத்தினோம். இரண்டு, புதியவரை வளர்த்துவிட்டவருக்கு விருதில் ஒரு தனிப் பிரிவு, விற்பனை விருதுக்கு இருந்த அதே தொகையோடு. தொகை முக்கியம். "உதவும் கரம்" என்று அழகான பெயர் வைத்து ஒரு சான்றிதழும், விற்பனைக்குப் பெரிய காசோலையும் கொடுத்தால், நிறுவனம் எதை மதிக்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

முழு வருகை விருதைப் பற்றி ஒரு வார்த்தை. இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள்கூட லீவு போடாதவருக்குப் பரிசு என்பது கேட்க நியாயமாகத்தான் தெரியும். நாள்பட்ட நோய் உள்ளவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ வீட்டில் இருப்பவர், இவர்கள் எல்லாரும் போட்டி தொடங்குவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்து பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டவைப்பவருக்குப் பரிசு கிடைக்கும். அதுவும் போகட்டும், சொன்ன நோக்கமாவது நிறைவேறுகிறதா? தொழில்முறைச் சலவைத் தொழிற்சாலை ஒன்றில் வருகைக்கும் நேரம் தவறாமைக்கும் பரிசு வைத்ததை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஒரு கட்டுரை உண்டு. பரிசுக்குத் தகுதி இருக்கிற வரைக்கும் நேரத்துக்கு வந்தார்கள், ஒரு தடவை தகுதி போனதும் பழையபடி ஆனார்கள். அதைவிட மோசம், பரிசு இல்லாதபோதே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் உற்பத்தித் திறன் குறைந்தது. தாங்கள் இயல்பாகச் செய்து வந்ததற்கு, அதுவரை செய்யாதவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்களே என்று அவர்களுக்குத் தோன்றாதா? பரிசை அறிமுகப்படுத்தும்போது நாம் எப்போதும் வாங்கப் போகிறவரை நினைக்கிறோம், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் விஷயம் இப்போது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீனாவின் ஒரு பெரிய பயண முன்பதிவு நிறுவனத்தின் கால்சென்டரில் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் செய்து 2015-ல் வெளியிட்ட சோதனையை "வீட்டிலிருந்து வேலை செய்தால் திறன் 13 சதவீதம் கூடியது" என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: செயல்திறனைக் கணக்கில் கொண்டு பார்த்தால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்துவிட்டது. வேலை கூடியும் கண்ணில் படவில்லை.

சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் புள்ளி கொடுத்துக்கொள்ளும் மென்பொருளை வாங்கினால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மேனேஜர் பார்க்காததைப் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்பது சரிதான். ஆனால் கலகலப்பாகப் பழகுகிறவருக்குப் புள்ளி குவியும், பெரிய டீமில் இருப்பவருக்குக் கொடுக்க ஆள் அதிகம், தனியாக வேலை செய்கிற ஒற்றை ஆளுக்கு யார் கொடுப்பார்? நண்பர்கள் நான்கு பேர் மாதாமாதம் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வதும் நடக்கும். அந்த மென்பொருள் தருகிற "அதிகம் பெற்றவர்கள்" அறிக்கையை நான் பார்ப்பதே இல்லை. நான் கேட்டு எடுப்பது பூஜ்யப் பட்டியல். கடந்த ஆறு மாதத்தில் யாரிடமிருந்தும் ஒரு புள்ளிகூட வராதவர்கள் யார் யார்? அந்தப் பட்டியலை மேனேஜர்களுக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை, உடனே போய்ப் புள்ளி கொடுக்கக் கூடாது. முதலில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சில பேர் உண்மையிலேயே வேலையில் பின்தங்கியிருப்பார்கள், அவர்களிடம் அதைப் பேச வேண்டும். சில பேர் டீமில் ஒதுக்கப்பட்டிருப்பார்கள், அது வேறு பிரச்சினை, அதை இந்தப் பட்டியல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மற்றவர்கள், அவர்கள்தான் அதிகம், சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவர்கள்.

இவ்வளவு சொன்னதும் சில மேனேஜர்கள் ஒரு குறுக்கு வழிக்குப் போவார்கள்: முறை வைத்துக் கொடுத்துவிடலாம், இந்த மாதம் இவர், அடுத்த மாதம் அவர், யாருக்கும் மனக்குறை இருக்காது. நான் இதற்குக் கடைசி வரை சம்மதிக்க மாட்டேன். முறை வைத்துக் கொடுப்பது இரண்டாவது மாதமே எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதன் பிறகு அந்த விருதை வாங்குகிறவருக்கே கூச்சமாக இருக்கும். 300-க்கும் மேற்பட்டோரைத் தற்காலிக வேலைக்கு எடுத்து, தரவு உள்ளிடும் பணியில் நடத்திய ஒரு களச் சோதனை 2016-ல் வெளியானது. எதிர்பாராமல் கொடுத்த பாராட்டு, குழுவில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டபோது அதிகப் பலன் தந்தது. அதில் ஆச்சரியம், அதற்குப் பிறகு முக்கியமாக வேகம் கூட்டியவர்கள் பாராட்டு கிடைக்காதவர்கள்தான். தகுதியானவருக்குத்தான் கிடைத்தது என்று நம்பினால் கிடைக்காதவருக்கும் அது உந்துதலாக இருக்கும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த நம்பிக்கை உடைந்தால் இதே விருது எதிர்த் திசையில் இழுக்கும். எல்லாருக்கும் கிடைப்பது நியாயம் ஆகாது, எல்லாருடைய வேலையும் ஒரே கண்ணோடு பார்க்கப்பட்ட பிறகு சிலருக்குக் கிடைப்பதுதான் நியாயம்.

விழா விஷயத்தில் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு விருது அறிவிக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியில் மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. நிர்வாக இயக்குநர் கீழே இறங்கி வந்து கொடுத்தார், கைதட்டலும் பலமாக இருந்தது, ஆனால் மற்ற எல்லாருக்கும் மேடையில் எடுத்த படம் அவருக்கு மட்டும் நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் எடுக்கப்பட்டது. அடுத்த விழாவிலிருந்து மேடையே வேண்டாம் என்று முடிவெடுத்து, எல்லாருக்கும் தரைமட்டத்தில் வைத்தோம். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவரிடமே கேட்டுப் பதிவு செய்துகொள்வது இன்னொன்று, வாழ்க்கையில் ஒரு தடவை மைக்கில் பெயர் வரும்போது அதைத் தப்பாகப் படித்தால் யாருக்குத்தான் வலிக்காது? விழாவை மாலையில் வைத்தால் இரவு ஷிப்ட்காரர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வரவே மாட்டார். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், வேலை நேரத்துக்குள் வைத்தால் இரண்டு ஷிப்டும் இருக்கும்.

கூட்டத்துக்கு முன்னால் நிற்கவே பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு விழா ஒரு தண்டனை. அதனால் சேரும்போதே ஒரு கேள்வி கேட்டு வைக்கிறோம்: உங்களைப் பாராட்ட வேண்டும் என்றால் எல்லார் முன்பாகவா, டீமுக்குள்ளா, தனியாகவா? பரிசையும் நாமே தேர்ந்தெடுக்காமல் ஒரு நாள் கூடுதல் லீவு, வவுச்சர், பயிற்சிக் கட்டணம் என்று அதே மதிப்பில் சிலவற்றை வைத்து அவர்களையே எடுக்கச் சொன்னோம். கடைநிலைப் பணிகளில் இருப்பவர்கள் பலர் லீவைத்தான் எடுத்தார்கள்.

இந்தத் திட்டத்தில் நாங்கள் செய்த மாற்றங்களில் எதை முதலில் செய்யலாம் என்று யாராவது கேட்டால், செலவே இல்லாத ஒன்றைச் சொல்வேன். விருது கிடைக்காத பரிந்துரைகளை அந்தந்த ஊழியருக்கே அனுப்பிவிடுங்கள். பரிந்துரைத்தவரின் சம்மதத்தோடு, திருத்தாமல், அவர் எழுதிய வார்த்தையிலேயே. வழக்கமாக என்ன நடக்கிறது? ஒருவரைப் பற்றி அவருடைய மேனேஜரோ சக ஊழியரோ அரைப் பக்கம் மனதாரப் புகழ்ந்து எழுதுகிறார், குழு படிக்கிறது, வேறொருவரைத் தேர்ந்தெடுக்கிறது, அந்த அரைப் பக்கம் ஒரு ஃபோல்டரில் போய் உறங்குகிறது. தன்னைப் பற்றி அப்படி ஒருவர் எழுதினார் என்பதே சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது! நாங்கள் அனுப்பத் தொடங்கியபோது வந்த பதில்கள், விருது வாங்கியவர்கள் அனுப்பும் நன்றி மெயில்களைவிட நீளமாக இருந்தன. சம்பளப் பட்டியல் பிரிவில் ரொம்ப காலமாக இருக்கும் ஒருவர், அதைப் பிரிண்ட் எடுத்து மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். யானா காலஸ் என்ற ஆய்வாளர் ஜெர்மன் விக்கிபீடியாவில் செய்து 2017-ல் வெளியிட்ட சோதனையில், பணமே இல்லாத வெறும் ஒரு பாராட்டுச் சின்னம் புதிய பங்களிப்பாளர்கள் தொடர்ந்து பங்களிப்பதை 20 சதவீதம் கூட்டியது. யாரோ கவனித்தார்கள் என்பதே போதுமானதாக இருக்கிறது பல பேருக்கு.

கூடவே, கடைசிச் சுற்று வரை வந்து கிடைக்காமல் போனவரிடம் குழுவிலிருந்து ஒருவர் போய்க் காரணத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். குழு உறுப்பினர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத காரணத்தை வைத்து யாரையும் கழிக்க மாட்டார்கள் என்பதற்காகவே இந்த விதி. இது வந்த பிறகு கூட்டங்களில் "அவர் கொஞ்சம் அப்படித்தான்" மாதிரியான பேச்சு நின்றுபோனது.

இன்னும் சரிவராமல் இருப்பது ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷயம். பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர், கிடங்கில் ஏற்றி இறக்குபவர், ஐடி உதவி மேசையில் பாதிப் பேர், நம்மோடு அதே கதவில் நுழைந்து அதே வேலை நேரம் இருப்பவர்கள், விதிப்படி விருதுக்குத் தகுதி இல்லாதவர்கள். கேட்டால் சட்டப் பிரிவு சொல்கிற காரணத்தையும் தள்ள முடியாது: நேரடியாகப் பணப் பரிசு கொடுத்தால் இவர்களுக்கு உண்மையான முதலாளி யார் என்ற வழக்குக்கு அது ஆதாரமாகலாம். அதற்குள் நின்று செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம். குழு விருது என்றால் அந்த வேலையில் கைவைத்த எல்லாருடைய பெயரும், எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தாலும், வாசிக்கப்படும். ஒப்பந்ததாரருக்கு அந்த ஊழியரின் பெயர் போட்டுப் பாராட்டுக் கடிதம், நகல் ஊழியர் கையில், அடுத்த வேலை தேடும்போது அது அவருக்கு உதவும். பணம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் ஊழியர் பாராட்டுக்கான தொகையை ஒரு தனி வரியாகச் சேர்த்து, ஒப்பந்ததாரர் வழியாகவே அது அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்யச் சொல்லிக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். கொள்முதல் பிரிவின் பதில் இன்னும் வரவில்லை, வாராவாரம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறேன்.